மூவரின் நோக்கீடுகளுக்கு ஒரே தரவு மாதிரி அமைப்பது எப்படி?

பட்டர்வொர்த் வாசகர்:
வணக்கம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள நாங்கள் மூவர் பொலிவு மாறும் மாறொளிர் விண்மீன்களை, முக்கியமாகத் துணை விண்மீனால் அவ்வப்போது மறைக்கப்பட்டு மங்கும் அல்கோலை, நோக்கிப் பதிவு செய்து வருகிறோம். என் தந்தையார் 1979 முதல் வெறுங்கண்ணால் பொலிவை மதிப்பிட்டு எழுதிய குறிப்பேடுகளும் என்னிடம் உள்ளன. ஒருவர் உள்ளூர் நேரத்தை எழுதுகிறார், மற்றவர் ஜூலியன் நாளை (நாட்களைத் தொடர் எண்ணாக எண்ணும் முறை) தருகிறார், மூன்றாமவரின் ஃபிட்ஸ் (வானியல் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளில் நேரம் தலைப்பகுதியில் இருக்கிறது. உள்ளூர் நேரத்திலிருந்து எட்டு மணியைக் கழித்து எல்லாவற்றையும் ஒரே எக்செல் அட்டவணையில் சேர்த்தேன். 1981 இறுதி வரையிலான மறைப்புகள் மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம் முந்தி விழுகின்றன. கோப்பு வடிவத்தை மாற்றினால் இது சரியாகுமா?

செந்தூல் நிரலாளர்:
வணக்கம் ஐயா. கோப்பு வடிவத்தால் இது தீராது. 1981இல் வெளியான ஃபிட்ஸ், எண்பது எழுத்து வரிகளால் ஆன தலைப்பகுதியைத் தந்து, எவரும் எவருடைய கோப்பையும் திறக்க வழி செய்தது. ஆனால் கோப்பைத் திறப்பது வேறு, அதிலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்று அறிவது வேறு. 2002இல் உருவான ஐவிஓஏ என்னும் பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டமைப்பின் தரவு மாதிரிகள், அதாவது எந்த எண் எதைக் குறிக்கும் என்ற வரையறைகள், இரண்டாவது வேலைக்காகவே எழுதப்பட்டவை. அவற்றுள் ஆப்ஸ்கோர் மாதிரியில் நோக்கீட்டின் தொடக்கமும் முடிவும் திருத்திய ஜூலியன் நாளிலும் (ஜூலியன் நாளிலிருந்து 2400000.5 கழித்த எண்), அலைநீளம் மீட்டரிலும், வானத்து இடம் பாகையிலும் தரப்பட வேண்டும். அந்த வரையறைகளை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆப்ஸ்கோர் ஒரு நோக்கீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கானது. ஒவ்வொரு பொலிவு மதிப்பையும் விவரிக்க உங்களுக்குத் தனி அட்டவணை வேண்டும்.

என் அழுத்தமான பரிந்துரை, விண்மீன், நோக்கீடு, அளவீடு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அடைக்க வேண்டாம் என்பதே. "இந்த அளவீடு இந்த விண்மீனுக்குரியது" என்பதுகூட ஒருவரின் முடிவுதான். பின்னாளில் திருத்த முடியுமாறு அதைத் தனி அட்டவணையில் வையுங்கள். பர்னார்டு விண்மீன் வானத்தில் ஆண்டுக்கு 10 விகலைக்கு மேல் நகர்கிறது (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை). ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் விண்மீன் பட்டியல் அதன் இடத்தை 1991.25ஆம் ஆண்டுக்கும், கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு 2016.0ஆம் ஆண்டுக்கும் தருகின்றன. இடையிலுள்ள நகர்வு 4 கலையைத் தாண்டிவிடும். எந்தக் காலத்துக்குரிய இடம் என்ற குறிப்பைத் தொலைத்துவிட்டு அருகாமையை மட்டும் பார்த்து இணைக்கும் நிரல், அந்த ஒரே விண்மீனை இரண்டாக எண்ணிவிடும்.

ஜார்ஜ்டவுன் ஆசிரியை:
அந்த அரை மணி நேரத்துக்குக் காரணம் நம் நாட்டுக் கடிகாரம் என்றே நம்புகிறேன். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 முடியும் வரை உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணியாயிற்று. தந்தையார் இரவு 10 மணி என்று எழுதியிருந்தால் உலக நேரம் 14:30. எட்டைக் கழித்ததால் உங்களுக்கு 14:00 கிடைத்திருக்கிறது.

ஆயினும் குறிப்பேட்டிலுள்ள எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். அவர் எழுதிய நேரம், அந்நாளைய நேர வேறுபாடு, கணக்கிட்ட உலக நேரம் ஆகிய மூன்றும் அட்டவணையில் இருக்கட்டும். பல ஆண்டு இரவுகளின் உழைப்பு அது. அவர் கண்டதற்கும் நாம் கணக்கிட்டதற்கும் உள்ள எல்லை தெளிவாகத் தெரிய வேண்டும்.

பட்டர்வொர்த் வாசகர்:
மிக்க நன்றி அம்மா. 1982க்கு முந்திய வரிகளை ஏழரை மணி என்று மாற்றியதும் மறைப்புகள் வரிசையில் வந்துவிட்டன. ஜூலியன் நாள் தரும் நண்பர், தம் எண்கள் சூரிய மையத்துக்குத் திருத்தப்பட்டவை, அதாவது ஒளி பூமிக்குப் பதிலாகச் சூரியனை அடையும் நேரத்தைத் தருபவை, என்கிறார். அதற்கும் தனி இடம் வேண்டுமா?

செந்தூல் நிரலாளர்:
கட்டாயம் வேண்டும் ஐயா. பூமி தன் பாதையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, அல்கோலுக்கு அந்தத் திருத்தம் ஏழு நிமிடத்துக்கு மேலும் போகும். ஆகவே ஒவ்வொரு நேரத்தோடும் எந்தக் கால அளவுமுறை (உலக நேரமா, வேறொன்றா), எந்த மையம் (பூமியா, சூரியனா) என்ற இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். பொலிவுக்கும் இதே முறைதான். கண்ணால் மதிப்பிட்டதும் வி ஃபில்ட்டர் (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வழியாக அளந்ததும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒரே அளவீடு அல்ல. தந்தையார் எந்த ஒப்பீட்டு விண்மீன்களைக் கொண்டு மதிப்பிட்டார் என்பது குறிப்பேட்டில் இருந்தால், அதை முதலில் தட்டச்சு செய்துவிடுங்கள்.