மறு: பில்ட் ஷீட்டுக்குத் தமிழில் என்ன?

> 'பிறப்புச் சான்றிதழ்' என்றே வைக்கலாமே. கேட்டவுடன் புரியும்.

பழைய அமெரிக்கக் கார்களில் கிடைக்கும் பில்ட் ஷீட்டுக்கு அந்தப் பெயர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். சான்றிதழ் என்பது வேலை முடிந்தபின் ஒருவர் பொறுப்பேற்றுத் தருவது. பிரிட்டிஷ் கார்களுக்கு, இங்கிலாந்தின் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து எழுதித் தருகிறதே, அதற்கு அந்தப் பெயர் தகும். பில்ட் ஷீட் வேறு. அமெரிக்கத் தொழிற்சாலையில் கார் அசெம்பிளி லைனில் நகரும்போது, இதற்கு இந்த எஞ்சின், இந்த கியர்பாக்ஸ், இந்த நிற சீட் என்று தொழிலாளிக்குச் சொன்ன தாள் அது. வாங்குகிறவர் பார்ப்பதற்காக அச்சிட்டதல்ல. வேலை முடிந்ததும் பின்சீட் ஸ்பிரிங்கிலோ, கம்பளத்துக்கு அடியிலோ, பெட்ரோல் டேங்கின் மேலோ அப்படியே விட்டுவிட்டார்கள். சிலசமயம் அடுத்த காரின் தாள் இந்தக் காரில் கிடக்கும். அதனால் தாளில் உள்ள வண்டி எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் விவரம் தெரிந்தவர்கள் நம்புவதில்லை. சான்றிதழ் என்று பெயர் வைத்தால் அந்தச் சந்தேகமே எழாது. விற்கிறவருக்குத்தான் கொண்டாட்டம்.

வியாசர்பாடி ஷெட் ஒன்றில் அறுபதுகளின் செவர்லே டேங்கை இறக்கியபோது பார்த்தேன். டேங்கின் மேல் துருவும் மண்ணுமாக அப்பிக்கிடந்தது. மேஸ்திரி பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டித் தட்டி, அட்டையை அடியில் நுழைத்து எடுத்தார். டீ நிறத்தில் ஒரு தாள், ஓரமெல்லாம் பொடி. கட்டம் கட்டமாக எண்கள், மடிப்பில் பாதி அழிந்துவிட்டன. "எதைப் பூட்டணும்னு எழுதிக் கொடுத்திருக்கான்பா" என்றார். விளக்கம் அவ்வளவுதான்.

> 'கட்டமைப்புத் தாள்'?

பாலம், சாலை ஞாபகம்தான் வரும். 'வேலைச்சீட்டு' நல்ல சொல், ஆனால் சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டுக்கு அது வேண்டும். மேஸ்திரி சொன்ன 'பூட்டு' எனக்குப் பிடித்திருந்தது. எழுத்தில் 'பூட்டுச்சீட்டு' என்றால் திண்டுக்கல் பூட்டுக்கு வந்த ரசீது மாதிரி ஆகிவிடுகிறது.

என் பரிந்துரை: பொருத்துச்சீட்டு.

சீட்டு என்றால் எங்கள் ராயபுரத்தில் முதலில் ஏலச்சீட்டுதான் நினைவுக்கு வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்துச்சீட்டும் இருக்கிறதே. எதைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டி எழுதிய தாள், உள்ளே போனது அதுதான் என்பதற்கு உத்தரவாதமில்லை. இங்கேயும் அதே கதைதான்.

வலி மிகுமா, அதாவது நடுவில் 'ச்' வருமா என்று இலக்கண நண்பர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். வினைத்தொகையாகக் கொண்டால் ஊறுகாய், சுடுகாடு போல மிகாது. 'பொருத்து' இங்கே பெயர்ச்சொல், வன்றொடர்க் குற்றியலுகரம். பாட்டுக்கச்சேரி போல மிகும்.

தாளோடு தகட்டையும் முடித்துவிடலாம். அக்காலக் கிரைஸ்லர் கார்களில் எஞ்சின் அறைக்குள், ஃபெண்டரின் (மட்கார்டின்) உட்பக்கம், எதையெல்லாம் பொருத்த வேண்டும் என்பதற்கான குறியீடுகள் அடித்த ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைக் கீழ்வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் 1970 டாட்ஜ் சேலஞ்சரில் ஈ74 என்றால் 426 ஹெமி எஞ்சின், எஃப்சி7 என்றால் ஊதா நிறம். தாள் மக்கிப்போன காரில் இந்தத் தகடுதான் கைகொடுக்கும். இதற்குப் 'பொருத்துத்தகடு' சரியாக வரும். 'குறியீட்டுத்தகடு' வேண்டாம், எண் அடித்த எல்லாத் தகடும் அதில் அடங்கிவிடும். அமெரிக்காவில் 1981 மாடல் முதல் வந்த 17 இலக்க எண்ணுக்கு 'வண்டி அடையாள எண்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம்.

அப்புறம், 1949இலேயே ஆஸ்டின் ஏ40 பூட்டிய ஊர் நம் எண்ணூர். பூட்டியது அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட். அந்தப் பக்கம் லைனில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், லைனில் வரும் தாளை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் என்னுடையதைத் தாராளமாக அடித்துவிடலாம்.