ஆண்ட்ராய்டு 10 போன்: புளூடூத் பட்டியலில் தெரியாத கீபோர்டு, உதவி தேவை

இரவல்பேனா: எல்லோருக்கும் வணக்கம். இயர்பட்ஸுக்காக புளூடூத்தை நான் அணைப்பதே இல்லை. நேற்று இணைத்த சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், இயர்பட்ஸுக்குக் கீழே சின்னக் கீபோர்டு படத்தோடு ஏதோ ஒரு பெயர். நான் கீபோர்டு வாங்கியதே கிடையாது. பயத்தில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். பேங்க் ஆப் இருக்கிற போன், தூக்கமே வரவில்லை. ஃபேக்டரி ரீசெட் போடணுமா?

தறிநாடா: பதறாதீங்க, ரீசெட்டுக்கு இப்ப அவசரமில்லை. அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குங்க. அப்புறம் செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் திறந்து, பாதுகாப்பு அப்டேட் தேதி என்னன்னு சொல்லுங்க.

இரவல்பேனா: செப்டம்பர் 2021. அப்டேட் தேடினால் ‘உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்கிறது.

தறிநாடா: அந்த வரியை நம்பி இருந்துடாதீங்க. கம்பெனி கடைசியாக அனுப்பியது உங்க போனில் ஏறிவிட்டது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். 2023 டிசம்பரில் மார்க் நியூலின் என்ற ஆய்வாளர் ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டார், அதற்கான அடையாள எண் சிவிஇ-2023-45866. பக்கத்தில் இருக்கும் ஒருவர் தன் கருவியைக் கீபோர்டு மாதிரி காட்டி, நீங்க ‘சரி’ அழுத்தாமலே போனோடு இணைந்து, நீங்க தட்டுற மாதிரியே எழுத்துகளை அனுப்ப முடியும். ஆண்ட்ராய்டில் புளூடூத் ஆனில் இருந்தாலே போதும். ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை, 2023-12-05 தேதியிட்ட பேட்ச் (ஓட்டையை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்) அடைத்துவிட்டது. 10-க்குத் திருத்தம் வரவே இல்லை. பின் நம்பர், கைரேகை கேட்கிற இடத்தை இந்த வழியில் தாண்ட முடியாது, அந்த மட்டில் ஆறுதல். ஆளும் புளூடூத் எட்டும் தூரத்தில் இருக்கணும்.

மழைக்கோடு: வைஃபை பாஸ்வேர்டு மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை நண்பரே. 2017-இல் வந்த ‘கிராக்’ வைஃபை ஓட்டைக்கே அது பயன்படவில்லை. அந்த ஓட்டை பாஸ்வேர்டைத் திருடாது, தகவலைப் பூட்ட ஏற்கெனவே போட்ட மறைகுறியாக்கச் சாவியையே போனைத் திரும்பப் போட வைக்கும். பேட்ச்தான் மருந்து. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இல் அது ஏற்கெனவே சரி.

இரவல்பேனா: வீட்டில் விசாரித்தேன். தம்பி போன மாதம் தன் டேப்லெட் கீபோர்டு வேலை செய்யுதான்னு பார்க்க என் போனில் இணைத்தானாம்! நீக்கிவிட்டேன். ஆனாலும் ஓட்டை அப்படியேதானே இருக்கு?

தறிநாடா: ஆமாம், இருக்கு. வெளியே போகும்போது புளூடூத்தை அணைச்சிடுங்க, பாட்டுக்கு வயர் இயர்போன் போதும். அடுத்த போன் எடுக்கும்போது கேமராவுக்கு முன்னாடி, பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்னு பாருங்க.

இரவல்பேனா: வயருக்கு மாறியாச்சு. பேங்க் ஆப்பை அப்பாவின் ஆண்ட்ராய்டு 14 போனுக்கு மாற்றப் போறேன். அதிலும் பேட்ச் தேதியைப் பார்த்துட்டேன், 2024. இருவருக்கும் ரொம்ப நன்றி.