விசுவாசமும் ஒரு கிரியையாகிவிடுகிறதா? நீதிமானாக்கப்படுதலைக் குறித்து ஒரு கேள்வி

வாசிக்கிறவள் (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் முதல் ஐந்தாம் அதிகாரம் வரை நிதானமாக வாசித்துவருகிறேன். நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகளில்லாமல் (செயல்களில்லாமல்) விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான், அதாவது தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவனாக ஏற்றுக்கொள்ளப்படுகிறான், என்று பவுல் தீர்மானமாகச் சொல்வதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி அதற்கு அடுத்த படியில் எழுகிறது.

தேவன் நம்மிடத்தில் கிரியைகளை அல்ல, விசுவாசத்தையே எதிர்பார்க்கிறார் என்று பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம், கிரியைகள் இருந்த இடத்தில் விசுவாசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. எவ்வளவு ஜெபித்தேன், எவ்வளவு கொடுத்தேன் என்று முன்பு தன்னை அளந்துகொண்ட ஒருவர், இப்போது எவ்வளவு உறுதியாக விசுவாசிக்கிறேன் என்று அளக்கத் தொடங்குகிறார். கிரியைகளையாவது கண்ணால் காணலாம்; விசுவாசமோ காலையில் இருப்பதுபோலவும் மாலையில் இல்லாததுபோலவும் இருக்கிறது. மேலும், ரோமர் 4:5, ஒருவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படியானால் விசுவாசமும் மனுஷன் செலுத்த வேண்டிய ஒரு விலைதானா?

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் எழுதுகிறார். அன்புள்ளவர் நேராக மன்னித்துவிடலாமே. குற்றம், தீர்ப்பு, பலி, நீதிமானாக எண்ணப்படுதல் என்று நீதிமன்றத்தின் மொழியில் ஏன் இது சொல்லப்பட வேண்டும்? இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த கெட்ட குமாரனின் தகப்பன் எந்தப் பலியையும் கேட்கவில்லை அல்லவா?

உரோமர்வகுப்பு:

சகோதரி, முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ரோமர் 5:6 முதல் 10 வரை பவுல் நம்மை அழைக்கும் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். முதலில் பெலனற்றவர்கள் என்கிறார். பின்பு பாவிகள் என்கிறார். கடைசியாகச் சத்துருக்கள் என்கிறார். கிறிஸ்து நமக்காக மரித்தது நாம் இந்த நிலையில் இருந்தபோதுதான் என்பதே அவருடைய வாதம். அங்கே விசுவாசிகள் என்ற பெயர் இல்லை. தேவன் தமது அன்பை விளங்கப்பண்ணியபோது, அந்த அன்புக்குப் பதிலாகக் கொடுக்க நம்மிடத்தில் கிரியையும் இல்லை, விசுவாசமும் இல்லை. நம்மிடத்தில் விசுவாசம் உண்டாவதற்கு முன்பே செய்து முடிக்கப்பட்ட ஒன்றுக்கு நம்முடைய விசுவாசம் எப்படி விலையாக இருக்க முடியும்?

நீங்கள் காட்டிய 4:5ஐ அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கடனாக எண்ணப்படுமே தவிரக் கிருபையாக எண்ணப்படாது என்று 4:4 சொல்கிறது. விசுவாசமும் ஒரு கிரியையாக இருந்திருந்தால், பவுல் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியிருக்க முடியாது. பன்னிரண்டு வசனங்கள் தாண்டி, 4:16இல், சுதந்தரம் கிருபையினால் உண்டாகும்படிக்கே அது விசுவாசத்தினாலே வருகிறது என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறார். பெற்றுக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்யாதது என்பதற்காகவே விசுவாசம் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

வனாந்தரத்தில் உயர்த்தப்பட்ட வெண்கலச் சர்ப்பத்தை (எண்ணாகமம் 21) நினைத்துக்கொள்ளுங்கள். பாம்பினால் கடிக்கப்பட்டவன் அதை நோக்கிப்பார்த்தபோது பிழைத்தான். அவனுடைய பார்வை கூர்மையாக இருந்ததா, விஷம் ஏறி மங்கிப்போயிருந்ததா என்று அந்த வரலாறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்ற யோவான் 3:16க்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால் ஆண்டவர் இந்தச் சர்ப்பத்தைத்தான் குறிப்பிடுகிறார். உங்கள் கேள்வி சபைக்குப் புதியதும் அல்ல. 1563ஆம் ஆண்டில் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை என்ற சீர்திருத்தத் திருச்சபை உபதேச நூலின் 61ஆம் கேள்வி இதையே கேட்கிறது. என் விசுவாசத்தின் தகுதியினால் நான் தேவனுக்கு உகந்தவனாகவில்லை, கிறிஸ்துவின் நீதியே தேவனுக்கு முன்பாக என் நீதி, விசுவாசத்தினால் மட்டுமே அதை ஏற்றுக்கொள்ள முடியும் என்பது அங்கே தரப்பட்டுள்ள பதிலின் சாரம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். துன்மார்க்கனை நீதிமானாக்குகிற நியாயாதிபதி கர்த்தருக்கு அருவருப்பானவன் என்று நீதிமொழிகள் 17:15 சொல்கிறது. அதே வேதாகமத்தை அறிந்த பவுல், தேவனையே பாவியை நீதிமானாக்குகிறவர் என்று அழைக்கிறார். இதை வாசித்த யூதர் எவரும் திடுக்கிட்டிருப்பார். அந்தத் திடுக்கிடுதலுக்குப் பதில்தான் 3:25, 26: தாம் நீதியுள்ளவராகவும், இயேசுவினிடத்தில் விசுவாசமாயிருக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் விளங்கும்படி, தேவன் கிறிஸ்துவைக் கிருபாதார பலியாக, அதாவது பாவத்தை நிவிர்த்தி செய்யும் பலியாக, ஏற்படுத்தினார். ஒருவன் அயலானை ஒடுக்கிப் பிழைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவன் அவனிடத்தில், பரவாயில்லை போ என்று மட்டும் சொல்லியிருந்தால், அது அவனுக்கு அன்பாகத் தோன்றலாம். ஒடுக்கப்பட்டவனுக்கு அது அன்பாக இருக்காது. தேவனுடைய அன்பு இருவரையும் மறக்காத அன்பு. அதனால்தான் அது பாவத்தைக் கண்டும் காணாததுபோல் விடவில்லை. தானே அதைச் சுமந்து தீர்த்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோபமாயிருந்த பிதாவைக் குமாரன் சமாதானப்படுத்தி, நம்மை நேசிக்கும்படி அவருடைய மனதைத் திருப்பினார் என்பதுபோலச் சிலர் பிரசங்கிக்கிறார்கள். அது வேதத்தைத் தலைகீழாக்குவதாகும். பலியை ஏற்படுத்தினவரே பிதாதான். கிறிஸ்துவின் மரணம் பிதாவின் அன்புக்குக் காரணமல்ல. பிதாவின் அன்பே அந்த மரணத்துக்குக் காரணம். கெட்ட குமாரனின் உவமை அந்த அன்பின் வேகத்தைக் காட்டுகிறது. ஆனால் ஒரே உவமையில் எல்லா உபதேசத்தையும் தேட முடியாது. நீதிமானாக்கப்படுதலைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை லூக்கா 18இல் இருக்கிறது. மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று மட்டும் சொன்ன ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான்.

மறைக்கல்வி:

அன்புச் சகோதரி, நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் திருச்சபை, நற்செயல்களைக் கொடுத்து மீட்பை விலைக்கு வாங்கலாம் என்று போதிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு எங்கள் மரபிலிருந்தும் பதில் உண்டு என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

1547 ஜனவரி 13 அன்று எங்கள் ஆயர்கள் கூடிய திரிதெந்து (Trent) பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில் ஏற்புடைமை (நீங்கள் நீதிமானாக்கப்படுதல் என்பது) பற்றிய தீர்மானத்தை வெளியிட்டது. அதன் எட்டாம் அதிகாரம், ஏற்புடையவராக்கப்படுவதற்கு முன்பு நம்மிடம் இருக்கும் எதுவும், அது நம்பிக்கையாயினும் (நீங்கள் விசுவாசம் என்பது) செயல்களாயினும், அந்த அருளை ஈட்டித் தருவதில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 529ஆம் ஆண்டில் கூடிய ஓராஞ்சுச் சங்கம், நம்பிக்கையின் தொடக்கமும் நம்ப வேண்டும் என்ற விருப்பமும்கூட இறையருளின் கொடையே என்று போதித்தது. நம்பிக்கை நாம் கடவுளுக்குச் செலுத்தும் விலை என்றால், அந்த விலையையும் அவரே நம் கையில் தந்திருக்கிறார் என்றல்லவா ஆகிறது?

எங்கள் போதனை வேறுபடும் இடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்புடைமை என்பது பாவ மன்னிப்பு மட்டுமன்று, உள்ளார்ந்த மனிதர் தூய்மையாக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுவதும் ஆகும் என்று திரிதெந்து சங்கம் கற்பிக்கிறது. நம் உள்ளங்களில் கடவுளின் அன்பு பொழியப்பட்டுள்ளது என்ற உரோமையர் 5:5 எங்களுக்கு மிக முக்கியமானது. கடவுள் ஒருவரை நீதியுள்ளவர் என்று அறிவித்தால், அவருடைய வார்த்தை சொன்னதைச் செய்யும் வார்த்தை. ஒளி தோன்றுக என்றவர் சொன்னபோது ஒளி தோன்றியது. அவ்வாறே, அந்த அறிவிப்பு மனிதரை உள்ளே மாற்றாமல் விடுவதில்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்புடைமைக் கோட்பாடு குறித்த கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டன. நம்முடைய தகுதி எதனாலும் அன்றி, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட நம்பிக்கையில், அருளால் மட்டுமே நாம் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டுள்ளன. 2006இல் மெத்தடிஸ்டு உலகப் பேரவையும், 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடுகளும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் உங்கள் கேள்வி தொடும் இடத்தில் நாம் ஒரே குரலில் பேச முடிகிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

உரோமர்வகுப்பு:

சகோதரருக்கு நன்றி. எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டியது இந்த உரையாடலுக்கு மிகவும் பயனுள்ளது. புதுப்பிக்கப்படுதல் நீதிமானாக்கப்படுதலை எப்போதும் தொடர்ந்து வருகிறது என்பதை நாங்களும் மனப்பூர்வமாக அறிக்கையிடுகிறோம். ஆனால் என்னை நீதிமானாக நிற்கச்செய்யும் ஆதாரம் எனக்குள்ளே நடந்துவரும் அந்தப் புதுப்பித்தலா, எனக்கு வெளியே கிறிஸ்துவில் நிறைவாயிருக்கும் நீதியா என்று கேட்டால், பிலிப்பியர் 3:9ஐக் கொண்டு இரண்டாவதையே நாங்கள் சொல்வோம். சகோதரியின் கேள்விக்கு இந்த வேறுபாடு முக்கியமானது என்று நினைக்கிறேன். உள்ளே நடப்பதை ஆதாரமாகக் கொண்டால், எவ்வளவு மாறியிருக்கிறேன் என்று மறுபடியும் தன்னையே அளந்துபார்க்கும் நிலை வந்துவிடும் என்பது என் அச்சம்.

வாசிக்கிறவள்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒடுக்கப்பட்டவனை நினைவூட்டிய விளக்கம் என் இரண்டாவது கேள்விக்குப் போதுமானது. முதல் கேள்வியில் இரண்டு இடங்கள் இன்னும் நெருடுகின்றன. ஆபிரகாம் விசுவாசத்திலே பலவீனமாயிருக்கவில்லை என்று ரோமர் 4:19 சொல்கிறது. அப்படியானால் பலவீனமான விசுவாசம் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்? யாக்கோபு 2:24 விசுவாசத்தினாலே மாத்திரமல்ல என்கிறதே, அதை எங்கே வைப்பது?

ஒலிவமரம்:

சகோதரி, யாக்கோபைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வஸ்திரமில்லாமலும் ஆகாரமில்லாமலும் நிற்கும் சகோதரனைச் சமாதானத்தோடே போங்கள் என்று வாயினால் மட்டும் வாழ்த்தி அனுப்புகிறவனோடு யாக்கோபு வாதாடுகிறார். அவர் கண்டிக்கும் விசுவாசம் பிசாசுகளுக்கும் உண்டு என்று அவரே சொல்கிறார். அது தேவன் ஒருவர் என்று ஒப்புக்கொள்வது, அவ்வளவே. பவுல் பேசுகிற விசுவாசமோ கலாத்தியர் 5:6இன்படி அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம். பவுல் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் நின்று, ஆபிரகாம் எப்படி நீதிமானாக எண்ணப்பட்டார் என்று காட்டுகிறார். யாக்கோபு பல ஆண்டுகள் கழிந்து, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த 22ஆம் அதிகாரத்துக்குப் போய், அந்த விசுவாசம் உயிருள்ளது என்பது எப்படி விளங்கியது என்று காட்டுகிறார்.

ஆபிரகாமைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஆதியாகமம் 15:6இல் அவர் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அடுத்த இரண்டே வசனங்களில், இந்தத் தேசத்தைச் சுதந்தரித்துக்கொள்வேன் என்று எதினால் அறிவேன் என்று அதே ஆபிரகாம் கேட்கிறார். நீதிமானாக எண்ணப்பட்டவர் அடுத்த மூச்சிலேயே அத்தாட்சி கேட்கிறார்! கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எண்ணினதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. மிருகங்களைத் துண்டித்து வைக்கச் சொல்லி, ஆபிரகாமுக்கு அயர்ந்த நித்திரை வந்திருந்த வேளையில், புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகும்படி செய்து, உடன்படிக்கை பண்ணினார். உடன்படிக்கை செய்கிறவர்கள் துண்டங்களின் நடுவே நடப்பது அக்கால வழக்கம் (எரேமியா 34:18ஐப் பாருங்கள்). அன்றைக்கு ஆபிரகாம் நடக்கவில்லை. தேவன் மட்டுமே கடந்துபோனார். பின்பு 17ஆம் அதிகாரத்தில், நூறு வயதானவனுக்குப் பிள்ளை பிறக்குமோ என்று ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து நகைத்ததையும் வேதம் மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறது.

அப்படிப்பட்டவரைத்தான் பவுல் பலவீனமாயிருக்கவில்லை என்கிறார். அவருடைய மனதில் கேள்வியே எழவில்லை என்பதற்காக அல்ல. கேள்விகளோடும் அவர் வாக்குத்தத்தம் பண்ணினவரை விட்டு விலகவில்லை என்பதற்காகவே அப்படிச் சொல்கிறார் என்று நான் வாசிக்கிறேன். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் தன் மகனுக்காக வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கண்ணீரோடே சத்தமிட்டான். முதலில் அவிசுவாசத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அங்கேயே அந்தப் பிள்ளையை விடுவித்தார்.

மாலையில் விசுவாசம் இல்லாததுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேளையில் உள்ளே தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நம்முடைய இருதயம் நம்மைக் குற்றப்படுத்தினாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்று 1 யோவான் 3:20 சொல்கிறது. சீர்திருத்தவாதியான லூத்தர் 1529இல் எழுதின பெரிய ஞானோபதேசத்தில், பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது, ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன் என்று சொல்லும்படி கற்பிக்கிறார். ஞானஸ்நானம் தன் உணர்வுக்கு வெளியே, தேவனுடைய வாக்குத்தத்தத்தோடு நடந்த ஒன்று. அன்றைய மனநிலை அதை மாற்றிவிட முடியாது.

இப்போது ஐந்தாம் அதிகாரம் வரை வந்திருக்கிறீர்கள். எட்டாம் அதிகாரத்தின் 33ஆம் வசனத்தை அடையும்போது, தேவன் தெரிந்துகொண்டவர்கள்மேல் குற்றஞ்சாட்டுகிறவன் யார், தேவனே அவர்களை நீதிமான்களாக்குகிறவர் என்று பவுல் நீதிமன்றத்தில் நின்று கேட்பதையும், மூச்சுவிடாமல் அடுத்ததாக, கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்று கேட்பதையும் காண்பீர்கள். உங்கள் இரண்டு கேள்விகளும் அங்கே அருகருகே இருக்கின்றன. அதை வாசித்தபின் மறுபடியும் இங்கே எழுதுங்கள். ஒன்பதாம் அதிகாரத்தில் வேறு கேள்விகள் நிச்சயம் எழும்.