2023-24 பனிச்சறுக்கு சீசன்: லாராவின் கோப்பைக்கு நட்சத்திரக்குறி வேண்டுமா?

வெண்பனி:
2023-24 ஆல்பைன் உலகக் கோப்பை, அதாவது மலைச்சரிவில் பனிச்சறுக்கும் வீரர்கள் சீசன் முழுக்கப் பல ஊர்களில் ஓடிப் புள்ளி சேர்க்கும் தொடரின் தொகுப்பு வீடியோக்களை வரிசையாகப் பார்த்து முடித்தேன். பார்த்தது பந்தயமா, எலும்பு ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேடா என்றே தெரியவில்லை. காயப்பட்டவர்களை வரிசையாகச் சொல்கிறேன்: டிசம்பர் 28 போர்மியோவில் மார்கோ ஷ்வார்ஸ். ஜனவரி 12 வெங்கனில் பின்டுரோ, மறுநாள் அங்கேயே கில்டே. 20ஆம் தேதி யாஸ்னாவில் பெட்ரா வ்லஹோவா. 26ஆம் தேதி கோர்ட்டினாவில் மிக்கேலா ஷிஃப்ரின். பிப்ரவரி தொடக்கத்தில் பயிற்சியின்போது சோஃபியா கோஜா.

விழுந்த அன்று ஷிஃப்ரின் 1209 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தார். ஆறு வாரம் களத்தில் இல்லை. கடைசியில், எல்லாப் பிரிவுப் புள்ளிகளையும் கூட்டித் தரும் ஒட்டுமொத்தக் கோப்பை சுவிஸ் வீராங்கனை லாரா குட்-பெஹ்ராமிக்குப் போனது. லாரா திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் ‘மற்றவர்கள் காயப்பட்ட சீசன்’ என்று ஒரு நட்சத்திரக்குறி போட்டே ஆக வேண்டும். குற்றம் அவர்மேல் இல்லை. இப்படி ஒரு அட்டவணை போட்ட சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனமான ஃபிஸ் மேல்.

பேர்ன்வாசி:
நட்சத்திரக்குறியா? சரி, அப்படியானால் பழைய கணக்கையும் எடுப்போம். 2017 பிப்ரவரியில் சென்ட் மோரிட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் லாராவுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அதுவரை ஒட்டுமொத்தக் கோப்பைக்கு ஷிஃப்ரினோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். அந்த வருடம் ஷிஃப்ரின் தன் முதல் ஒட்டுமொத்தக் கோப்பையை வாங்கினார். அப்போது யாராவது நட்சத்திரக்குறி கேட்டார்களா?

அதே லாராதான் ஏழு வருடம் கழித்து, 32 வயதில், முதல் போட்டி நடந்த ஸெல்டனில் தொடங்கி கடைசிப் போட்டி நடந்த சால்பாக் வரை எழுந்து நின்று ஓடி முடித்திருக்கிறார். 2024 வரை இந்தக் கோப்பையை இவ்வளவு வயதில் வென்ற பெண் வேறு யாரும் இல்லை. விழாமல் ஐந்து மாதம் ஓடுவதும் இந்த விளையாட்டில் ஒரு திறமைதான் ஐயா.

வெண்பனி:
பேர்ன்வாசி, சுவிஸ்காரர் என்றதும் உங்களுக்கு ரத்தம் கொதிக்கிறது, புரிகிறது :) ஆனால் 2017ஐ எடுத்தால் 2016ஐயும் எடுக்க வேண்டும். லாரா முதன்முறை வென்ற வருடம். பிப்ரவரி கடைசியில் சோல்டேயுவில் லின்ட்சே வான் விழுந்து சீசனை முடித்துக்கொண்டபோது பட்டியலில் முன்னால் இருந்தவர் வான்! ஆக உங்கள் உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது. முக்கால்வாசி சீசனில் யாருக்கு முழங்கால் மிச்சம் இருக்கிறதோ அவருக்கே கோப்பை என்பது வழக்கமாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு போட்டியிலும் முதலிடத்துக்கு 100, இரண்டாவதுக்கு 80, மூன்றாவதுக்கு 60, அப்படியே இறங்கி முப்பதாவது ஆளுக்கு 1. லாரா முடித்தது 1716. ஷிஃப்ரின் மார்ச்சில் திரும்பி வந்து ஓரே, சால்பாக் இரண்டு ஸ்லாலமிலும் (நெருக்கமான கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடும் பந்தயம்) ஜெயித்து 1409. வித்தியாசம் 307.

ஷிஃப்ரின் திரும்பி வரும் வரை தவறவிட்டவற்றில் அவருக்குப் பழக்கமான, திருப்பங்கள் நிறைந்த தொழில்நுட்பப் போட்டிகளை மட்டும் எடுக்கிறேன்: குரோன்பிளாட்ஸ் ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்கள் இன்னும் தள்ளி நிற்கும் ஸ்லாலம்), சோல்டேயுவில் ஜயன்ட் ஸ்லாலமும் ஸ்லாலமும், ஓரே ஜயன்ட் ஸ்லாலம். இந்த நான்கிலும் இரண்டாம் இடம் வந்திருந்தால் 320. மொத்தம் 1729, பதின்மூன்று புள்ளியில் கோப்பை. நான்கிலும் மூன்றாம் இடம் என்றால் 1649, கோப்பை லாராவுக்கே. குரோன்பிளாட்ஸிலும் சோல்டேயு ஜயன்ட் ஸ்லாலமிலும் வென்றது யார்? லாரா.

இன்னொன்று. செர்மாட்டில் பெண்கள் டவுன்ஹில் (திருப்பங்கள் குறைந்த, மிக வேகமான பந்தயம்) இரண்டும் ரத்து. கார்மிஷும் ரத்து. எல்லாம் வேகப் போட்டிகள், லாராவின் களம். வானிலை பறித்தது அவரிடமிருந்தும்தான். வேண்டுமானால் 2011க்கு நட்சத்திரக்குறி போடுங்கள். லென்சர்ஹைடேயில் கடைசி ஜயன்ட் ஸ்லாலம் ரத்தானதால் மரியா ரீஷ் மூன்றே மூன்று புள்ளியில் வானை முந்தினார். அதைக்கூட யாரும் பறிக்கவில்லை.

வெண்பனி:
வேகப் போட்டி லாராவின் களம் மட்டும் என்று யார் சொன்னது? அதே சீசன் டிசம்பரில் சென்ட் மோரிட்ஸ் டவுன்ஹில்லை வென்றது ஷிஃப்ரின்.

சரி, கோப்பையை விடுங்கள். என் முக்கியமான கேள்வி அட்டவணை. 2022இல் பனி இல்லாமல் செர்மாட்–செர்வினியாவில் நான்கு போட்டியும் ரத்து. 2023இல் மறுபடி அதே இடம், இரண்டு வாரம் மட்டும் தள்ளி நவம்பரில். இந்த முறை பனியும் காற்றும் அதிகமாகி நான்கும் ரத்து. இரண்டு வருடத்தில் ஒரு போட்டிகூட நடக்காத பாதை அது! அப்புறம் பீவர் கிரீக்கில் ஆண்களுக்கு மூன்றும் ரத்து. இந்தப் பாக்கியை எல்லாம் எங்கே தீர்த்தார்கள்? வெங்கனில் வியாழன் டவுன்ஹில், வெள்ளி சூப்பர் ஜி (டவுன்ஹில்லைவிடத் திருப்பங்கள் கூடிய இன்னொரு வேகப் போட்டி), சனி மறுபடி முழு டவுன்ஹில். வெங்கனின் லாபர்ஹார்ன் பாதை நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, கீழே வந்து சேர இரண்டரை நிமிடம் ஆகும். கில்டே விழுந்தது எங்கே? மூன்றாம் நாள், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் வரும் கடைசித் திருப்பத்தில். தொடையில் சக்தி தீர்ந்துபோன இடத்தில்.

பேர்ன்வாசி:
சுவிஸ் வீரர் மார்கோ ஓடெர்மாட்டும் அதே மூன்று நாள் ஓடினார். இரண்டு டவுன்ஹில்லையும் வென்றார். சூப்பர் ஜியை வென்ற பிரெஞ்சு வீரர் சராஸான் அடுத்த வாரம் கிட்ஸ்பூலில் இரண்டு டவுன்ஹில்லையும் அள்ளினார். அவர்கள் கால் என்ன இரும்பா?

வ்லஹோவா விழுந்தது சொந்த நாட்டில், ஒரு ஜயன்ட் ஸ்லாலமில். கோஜா விழுந்தது பயிற்சியில். இவற்றுக்கும் செர்மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? எல்லா விபத்தையும் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள்.

எட்ஜ்முருகன்:
நடுவில் நுழைகிறேன். இருவரும் கருவிகளைப் பற்றிப் பேசவே இல்லை. பாதையில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைக்கிறார்கள், சறுக்குப் பலகையின் விளிம்பைக் கத்தியாகத் தீட்டுகிறார்கள். கில்டேவுக்குத் தோள்மூட்டு விலகியதோடு கெண்டைக்காலையும் கிழித்தது அவருடைய பலகையின் விளிம்புதான். வேகப் போட்டிகளுக்கு உடைக்குள் அணியும் ஏர்பேக்கும், வெட்டுப்படாத உள்ளாடையும் அடுத்த சீசனிலிருந்துதான் கட்டாயமாயின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இதில் ஏர்பேக் முதுகையும் மார்பையும் காக்கும், முழங்காலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

வெண்பனி:
முருகன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடெர்மாட்டை அளவுகோலாக வைக்கக் கூடாது பேர்ன்வாசி. அந்த சீசனின் முதல் ஒன்பது ஜயன்ட் ஸ்லாலமையும் வென்ற மனிதர் அவர். ஷ்வார்ஸைப் பாருங்கள். ஸ்லாலம்காரர், கோப்பைக்காக நான்கு பிரிவிலும் இறங்கினார், போர்மியோ டவுன்ஹில்லில் முழங்கால் போயிற்று. புள்ளி முறையே அப்படித்தான் இழுக்கிறது.

கணக்குப்பிள்ளை:
யாரும் கழுத்தைப் பிடித்து இறக்கவில்லையே. லாரா ஸ்லாலமைத் தொடாமலே வென்றார். எதில் இறங்குவது, எதை விடுவது என்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

வெண்பனி:
அப்படியானால் அக்டோபரில் ஏன் தொடங்க வேண்டும் என்பதற்காவது பதில் சொல்லுங்கள். ஆண்கள் போட்டி ஸெல்டனில் காற்றால் பாதியில் நின்றது. பனியாற்றை எக்ஸ்கவேட்டர் வைத்துச் சமப்படுத்தும் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. சீசனைத் தள்ளித் தொடங்குங்கள் என்று ஆஸ்திரிய வீரர் ஜூலியன் ஷூட்டர் 2023 பிப்ரவரியிலேயே திறந்த மடல் எழுதினார். பல வீரர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

பேர்ன்வாசி:
இங்கே அக்டோபரில் டிவியில் ஸெல்டனைக் காட்டினால்தான் சனம் பலகை வாங்கக் கடைக்குப் போகும், டிசம்பருக்கு ஹோட்டல் அறை பதிவு செய்யும். வீரருக்குச் சம்பளம் கொடுக்கும் பலகைக் கம்பெனிகள் அந்தக் காசில்தான் ஓடுகின்றன. செர்மாட்டை எடுத்துவிட்டார்கள், அது நல்லது. ஸெல்டனை எடுக்க மாட்டார்கள். 2024லும் அக்டோபர் கடைசியில் அங்கேதான் தொடங்கினார்கள்.

வெண்பனி:
காசுக்காகத்தான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நானும் அதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேர்ன்வாசி:
நீங்கள் முதல் பதிவில் கேட்டது நட்சத்திரக்குறி. அதற்கு என் பதில் இன்னும் ‘முடியாது’தான்.