கொத்து வேலை: அளவு, கலவை, கூலி. தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மட்டப்பலகை:
'படிக்கலேன்னா சித்தாள் வேலைக்குத்தான் போகணும்' என்று பிள்ளையை மிரட்டும் வீடுகள் இன்னும் நிறைய. அந்த வீட்டுச் சுவரே கணக்குப் போட்டுத்தான் எழும்பியிருக்கிறது. சொந்தக் கதை வேண்டாம். வேலையில் என்ன கணக்கு இருக்கிறது, கூலி எந்த இடத்தில் குறைகிறது, அதை மட்டும் எழுதுவோம். முதலில் மூலைமட்டம், அதாவது சுவர் மூலை சரியான செங்கோணமா என்று பார்ப்பது.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் நூல் கட்டி, ஒரு நூலில் 3 அடியும் அடுத்ததில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் தவறுவது அந்த 3-4-5 அளவோடு நின்றுவிடுவதில். 3 அடியில் கால் அங்குலம் பிசகினால் 30 அடிச் சுவரின் கடைசியில் இரண்டரை அங்குலம் விலகிவிடும். இடம் இருந்தால் 9-12-15 போடுங்கள். முடித்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து ஒப்பிடுங்கள். இங்கே விட்ட பிழையை ஆறு மாதம் கழித்து டைல்ஸ் போடுபவர்தான் கண்டுபிடிப்பார். கடைசி வரிசை டைல் ஒரு முனையில் முழுசாகவும் மறுமுனையில் ஆப்பு மாதிரியும் வரும்.

டியூப் மட்டத்தில், அதாவது தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து இரண்டு இடத்தின் மட்டம் பார்ப்பதில், ஒரே எதிரி காற்றுக் குமிழி. தண்ணீர் ஊற்றியதும் டியூபை நீட்டிப் பிடித்துக் குமிழியை வெளியேற்றுங்கள். மட்டம் பார்க்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விரலால் அடைத்திருந்தால் காட்டும் மட்டம் பொய்.

அளவுப் புத்தகம்:
கூலி குறையும் இடம் என்று கேட்டால், பூச்சு வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசும்போது கதவு ஜன்னலுக்குக் கழிக்கிற இடம்தான். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1200 என்ற அளவு முறை இருக்கிறது. அதன்படி:

0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு (சுமார் 5.4 சதுர அடி, அதாவது வென்டிலேட்டர் போன்றவை) ஒன்றும் கழிக்கக் கூடாது. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை (சுமார் 32 சதுர அடி) சுவரின் உள், வெளி என்ற இரண்டு முகத்தில் ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்கலாம். ஓரப் பூச்சைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரண்டு முகத்திலும் கழித்து, பக்க ஓரம், மேல் ஓரம், கீழ் ஓரம் எல்லாவற்றையும் அளந்து சேர்க்க வேண்டும்.

கணக்கோடு பாருங்கள். 10க்கு 12 அறை, உயரம் 10 அடி. உள்சுவர் நான்கும் சேர்த்து 440 சதுர அடி. 3க்கு 7 கதவு 21, 4க்கு 4 ஜன்னல் 16, மொத்தம் 37. இரண்டு திறப்புமே நடு வகை. உள்ளும் வெளியும் ஒரே ஆள் பூசினால் இந்த 37 ஒரு தடவைதான் கழிய வேண்டும். உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை கழித்து, ஓரப் பூச்சையும் சேர்க்காமல் விடுவதுதான் வழக்கமான கைவரிசை. ஒரு அறைக்கு 37 சதுர அடி. ஆறு அறை வீட்டில் 222. பேச்சு முடிக்கும்போதே 'கழிவு எப்படி?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது சண்டை.

சாந்துச்சட்டி:
அளவுப் புத்தகம் சொன்னதோடு தடிமனையும் சேர்த்துப் பேச வேண்டும். 12 மி.மீ. பூச்சுக்கு 1:5 (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) கலவையில் 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கூட முழுசாகப் பிடிக்காது, மணல் சுமார் 5 கன அடி. சுவர் தூக்கு விலகி (செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து) இருந்து ஒரு பக்கம் 25 மி.மீ. ஏற்ற வேண்டி வந்தால் பொருள் இரட்டிப்பு. உழைப்பும் கூடும், ஏனென்றால் ஒரே தடவையில் அத்தனை கனம் ஏற்றினால் சரிந்து விழும். முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்தது. சதுர அடி ரேட்டில் இந்த இரண்டாம் பூச்சுக்குப் பணம் கிடையாது. சுவர் கட்டியவர் வேறு, பூசுபவர் வேறு என்றால், பூச்சு தொடங்கும் முன் தூக்குக்குண்டு விட்டு விலகலை மேஸ்திரிக்குக் காட்டிவிடுங்கள்.

பூச்சு வெடித்தால் கூலியைப் பிடிப்பதும் நடக்கிறது. வெடிப்புக்குக் காரணம் எப்போதும் கை இல்லை. காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். 1:3 என்று சிமெண்ட்டைக் கூட்டினால் பலம் கூடும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். சுருங்குவதும் கூடும், தலைமுடி மாதிரி வெடிப்பு விழும். எம் சாண்டில் (கல்லை உடைத்துச் செய்த மணல்) தூசு அதிகம் இருந்தால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், அப்போதும் அதே கதி. தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அந்தக் கோட்டில் நேராகக் கீறும். இதில் கொத்தனார் பொறுப்பு எது? காலையில் பிசைந்து இறுகத் தொடங்கிய கலவையில் மதியம் தண்ணீர் தெளித்துத் திரும்ப மிதித்துப் பூசுவது. அது அவர் தப்புதான். ஏழு நாள் தண்ணீர் அடிக்காமல் விட்டது யார் என்பதையும் கேட்க வேண்டும். தண்ணீர் அடிப்பது யார் வேலை என்று பெரும்பாலும் பேசிக்கொள்வதே இல்லை.

கம்பி_சென்ட்ரிங்:
சுருக்கமாக ஒன்று. கான்கிரீட்டுக்கு அடித்த பலகையைப் பிரிக்க அவசரப்படுத்துவார்கள், வாடகை ஓடுகிறதே என்று. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது: சாதாரண சிமெண்ட் போட்ட கூரைத் தளத்தில் தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்திரம் 6 மீட்டர் வரை 14 நாள், மேலே போனால் 21. பி.பி.சி. (போஸோலானா கலந்த) சிமெண்ட் என்றால் இன்னும் கூட்டி வைக்க வேண்டும். முட்டை உருவும்போது கீழே நிற்கிறவர் கூலியாள். வாடகைக் கணக்குப் பார்ப்பவர் அந்த நேரம் டீக்கடையில் இருப்பார்.

பெருங்கரண்டி:
சித்தாள் வேலையைத் 'திறன் இல்லாத வேலை' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்லை ஒரு தடவை எடை போட்டுப் பார்ப்போம். நாலரை அங்குலச் சுவர் 100 சதுர அடிக்கு, 9க்கு 3 அங்குல முகமுள்ள செங்கல், அரை அங்குலச் சாந்து என்றால், சுமார் 430 செங்கல். ஒன்று மூன்று கிலோ என்று வைத்தாலும் 1,290 கிலோ. அது அத்தனையும் ஒரு பெண்ணின் தலை வழியாகத்தான் சாரம் ஏறுகிறது. கலவையின் பதம் கெட்டால் முதலில் கண்டுபிடிப்பதும் அவர்தான். 'தண்ணி தூக்கலா இருக்கு' என்பார், சரியாக இருக்கும்.

ஒரே வேலைக்கு ஆண் பெண் கூலி வேறுபடக் கூடாது என்று 1976லேயே சம ஊதியச் சட்டம் வந்தது. சைட்டில் அதைச் சுற்றிப் போகும் வழி எளிது: ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு 'சித்தாள்' என்று இன்னொரு பெயர். பெயர் வேறு என்றால் ரேட்டும் வேறு. பெண் கையில் கொத்துக் கரண்டி கொடுப்பதில்லை என்பதுதான் பூட்டு. ஜார்க்கண்டில் கழிவறை கட்டும் திட்டத்துக்காகப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக் கொடுத்தார்கள். அங்கே அவர்களை 'ராணி மிஸ்திரி' என்கிறார்கள். கற்றுக் கொடுக்கும்போது மட்டச் செங்கல் வரிசை, மூலை கட்டுதல், பிறகு பூச்சு என்ற வரிசையில் போனால் நல்லது. பூச்சிலிருந்து தொடங்கினால் மணிக்கட்டு பழகும் முன் ஆள் சலித்துவிடுவார்.

சங்க மேசை:
நல வாரியம் பற்றிச் சில குறிப்புகள். 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. கட்டடச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வசூலாகிறது. ஆக, இது தர்மம் இல்லை. அந்தக் கட்டடத்திலிருந்து வந்த பணம். வயது 18 முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண் கண்ணாடி, விபத்து, 60க்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் இதில் வரும்.

விண்ணப்பம் திரும்பி வரும் காரணங்கள் சின்னவை. ஆதாரில் 'முருகேசன்', ரேஷன் அட்டையில் 'முருகேஷ்'. பதிவின்போது கொடுத்த போன் நம்பரை மாற்றிவிட்டதால் ஓ.டி.பி. வராது. வருடக்கணக்கில் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். புதுப்பிக்கும் தேதி தாண்டியிருக்கும், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில்தான் அது தெரியவரும். அட்டையின் பின்னால் அந்தத் தேதியைப் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள்.

எலிப்பொறிக்கட்டு:
கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு என் பெயர் எங்கிருந்து வந்தது என்று புரியும். எலிப்பொறிக்கட்டு என்பது செங்கலைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், சாந்தும் மிச்சம். ஆனால் நாள் கூடும், கை நிதானம் வேண்டும். சாந்து உள்ளே விழுந்து வெற்றிடத்தை அடைத்தால் லாபம் போச்சு. பொருளுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி கூலிக்குத் திரும்புகிறது என்பதால் இந்த முறை எனக்குப் பிடிக்கும். சதுர அடி ரேட்டில் மட்டும் இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நாள் கூலிதான் கட்டுப்படியாகும்.

மட்டப்பலகை:
சங்க மேசை ஐயாவுக்கு நன்றி. ஒரு சந்தேகம்: நாள் கூலி பாக்கி விழுந்தால் காட்ட என்ன இருக்கிறது? பலரிடம் மேஸ்திரியின் போன் நம்பர் மட்டும்தான் இருக்கிறது.

சங்க மேசை:
இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும் தம்பி. தேதி, இடம், காலை வந்த நேரம், போன நேரம், அன்று செய்த வேலை, வாங்கிய முன்பணம் என்று ஆறு கட்டம். சனிக்கிழமை கூலி வாங்கும்போது அந்தப் பக்கத்திலேயே மேஸ்திரி கையெழுத்து. போடமாட்டேன் என்றால் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் 'இந்த வாரக் கணக்கு சரியா அண்ணே' என்று அனுப்பிவிடுங்கள். அவர் 'சரி' என்று பதில் போட்டால் அதுவே சாட்சி. எழுத வராதவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். ஆறு கட்டமும் கூட்டலும்தானே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போதும்.