ரீயூனியன் தீவு, 7 இரவு: எரிமலை, சிலாவோஸ், சலாசி. இந்தத் திட்டம் சரிவருமா?

நெய்தல்பயணி:

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மொரீஷியஸ் வழியாக ரீயூனியன் போகிறோம். நாங்கள் இருவர், 11 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டு ஏற முடியாது. சுத்த சைவமும்கூட. கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுவதாக எண்ணம்.

ஏழு இரவும் மேற்குக் கடற்கரையில் சென்-ஜில்லில் ஒரே வீடு. முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் காலை சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குக் கிளம்பி எரிமலை, பள்ளத்தின் விளிம்பு வரை நடை. மூன்றாம் நாள் சிலாவோஸ், சலாசி மலைக்கிண்ணங்கள் (சுற்றிலும் மலைச்சுவர் சூழ்ந்த பள்ளத்தாக்குகள்) இரண்டும். நான்காம் நாள் மைதோ காட்சிமுனை, மதியம் கடல். ஐந்தாம் நாள் தீவை ஒரு சுற்று. ஆறாம் நாள் மஃபாத் மலைக்கிண்ணம். ஏழாம் நாள் சும்மா கடற்கரை.

தீவின் சுற்றளவே 200 கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதால் ஒரே இடத்தில் தங்கினால் போதும் என்று நினைத்தேன். எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

---

மலைமுகடு:

தூரத்தை வைத்துப் போட்ட திட்டம் இது. ரீயூனியனில் பார்க்க வேண்டியது உயரத்தையும் மணியையும். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் எழும்பும் பித்தோன் தே நேஜ் சிகரம், அதன் தென்கிழக்கே 2,632 மீட்டரில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை. இவ்வளவும் 2,512 சதுர கிலோமீட்டருக்குள். காலையில் வெயில் ஏற ஏற, கடலோர ஈரக்காற்று சரிவுகளில் மேலேறி மேகமாகத் திரளும். பெரும்பாலான நாட்களில் 9, 10 மணிக்கெல்லாம் நடு உயரங்களை மூடிவிடும். 9 மணிக்குக் கடற்கரையை விட்டுக் கிளம்பினால் மைதோவில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மலைக்காட்சி எதுவானாலும் 7 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கடலை மதியத்துக்கு வையுங்கள்.

மூன்றாம் நாளை அப்படியே அடித்துவிடுங்கள். வரைபடத்தில் சிலாவோஸும் சலாசியும் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் நடுவே மலைச்சுவர், சாலை கிடையாது. சிலாவோஸிலிருந்து சென்-லூயிக்கு இறங்கி, கடலோரமாகத் தீவைப் பாதி சுற்றி, சென்-ஆந்த்ரே வழியாகத்தான் சலாசிக்கு ஏற முடியும். சிலாவோஸ் சாலையில் மட்டும் சுமார் 400 வளைவுகள். ஒரு வண்டி மட்டும் நுழையும் குகைப்பாதைகளும் உண்டு. நுழையும் முன் நின்று, எதிரே விளக்கு தெரிகிறதா பார்த்து, ஹாரன் அடித்துப் போக வேண்டும். பெரிய மழைக்குப் பின் பாறை விழுந்து சாலையை மூடுவதும் வழக்கம். வாந்தி மாத்திரை போடுவதாக இருந்தால் சென்-லூயியைத் தாண்டும் முன்பே போடுங்கள். வளைவில் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை.

மஃபாத்துக்குக் கார் போகாது. நடந்து போகலாம், அல்லது ஹெலிகாப்டர். சலாசி பக்கம் கோல் தே பேஃப் கணவாயில் வண்டியை விட்டு லா நூவெல் ஊருக்கு இறங்க சுமார் 2 மணி நேரம், திரும்பி ஏற அதைவிடக் கூடுதல். அம்மாவோடு முடியாது. மைதோவில் 2,200 மீட்டர் உயரத்திலிருந்து மஃபாத்தின் ஊர்களைக் கீழே பார்க்கலாம், கார் நிறுத்துமிடத்திலிருந்து நடை கொஞ்சம்தான். அதுவே போதும்.

இனி எரிமலை. சென்-ஜில்லிலிருந்து லு தாம்போன் வழியாக, எரிமலைச் சாலை முடியும் பா த பெல்கோம்ப் வரை குறைந்தது 2 மணி நேரம். அதனால் முந்தைய இரவு பிளேன் தே காஃப்ர் மேட்டுநிலத்தின் பக்கம், பூர்-முராவிலோ அதை ஒட்டியோ தங்குங்கள். அங்கிருந்து 45 நிமிடம். தாம்போனிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், காட்டுச்சாலையில் பங்க் இல்லை. கடைசிக்கு முன்னால் வரும் பிளேன் தே சாப்ல், செம்பழுப்பு எரிமலைச் சரளைச் சமவெளி. அதைக் கடக்கும் மண்பாதை குழியும் குண்டுமாக இருக்கும். சாதாரண கார் தாராளமாகப் போகும். மெதுவாகப் போகாதவர்களுக்குத்தான் டயர் கிழிகிறது.

பெல்கோம்ப் 2,311 மீட்டர். அங்கிருந்து சுவரோரமாக 500க்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆன்க்ளோ என்ற எரிமலைப் பெருங்குழியின் தரை. ஃபோர்மிகா லியோ என்ற சின்னக் கூம்பைத் தாண்டி, பாறைகளில் அடித்திருக்கும் வெள்ளைப் புள்ளிகளைப் பிடித்தபடி உச்சியிலுள்ள தொலோமியூ பள்ளத்தின் விளிம்புக்குப் போய் வர 5 முதல் 6 மணி நேரம். படிகளைக் கடைசியில் களைத்த காலோடு ஏற வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். 11 வயதுப் பையன் நடந்து பழகியவன் என்றால் போகலாம். இல்லையென்றால் ஃபோர்மிகா லியோ வரை போய்த் திரும்புங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். குமிழும் கயிறுமாக உறைந்த எரிமலைக் குழம்புப்பாறை அங்கேயே காலடியில் கிடக்கிறது.

கீழே தண்ணீர், நிழல், கழிப்பறை எதுவும் இல்லை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஆகஸ்டில் விடிகாலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி வரும். கடற்கரையைவிட ஏறக்குறைய 15 டிகிரி குறைவு என்று வையுங்கள். கம்பளிச் சட்டை, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, தொப்பி, வெயில் களிம்பு நான்கும் ஒரே நாளில் தேவைப்படும். முழுக்கால் பேன்ட்டும் மூடிய ஷூவும் கட்டாயம். அந்தப் பாறை கண்ணாடித்தூள் ஒட்டியது போன்றது, கையூன்றி விழுந்தால் உள்ளங்கை கிழியும். அங்கே பெரிய ஆபத்து நெருப்பு இல்லை, மூடுபனி. பத்து நிமிடத்தில் இறங்கிவிடும், எல்லாத் திசையும் ஒன்றுபோல ஆகிவிடும். அடுத்த வெள்ளைப் புள்ளி தெரியாவிட்டால் இருக்கும் புள்ளியிலேயே நில்லுங்கள், தேடிக்கொண்டு போகாதீர்கள். 7 மணிக்கு நடை தொடங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

---

புதுவைவாசி:

மலைமுகடு அண்ணன் மலையைச் சொல்லிவிட்டார். நான் தரைச் சமாச்சாரம் சொல்கிறேன்.

விசா: ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் மாவட்டம், நாணயம் யூரோ. ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. பாரிஸுக்கு வாங்கிய விசா இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று குறிப்பிட்டு, அங்கே செல்லுபடியாகுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வண்டி: அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். வாடகை வண்டிகளில் பெரும்பாலானவை கியர் வண்டி. இடக்கை ஸ்டியரிங், வலக்கை கியர், மலை வளைவு மூன்றையும் ஒரே நாளில் பழக வேண்டாம். ஆட்டோமேட்டிக் கேளுங்கள், எண்ணிக்கை குறைவு என்பதால் முன்பே பதியுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் அசல் உரிமமும் இரண்டும் கையில் இருக்கட்டும். முன்பணத்தை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டை மட்டும் நீட்டினால் பல இடங்களில் சாவி கிடைக்காது. சென்-தெனி, சென்-போல் பக்கம் காலையும் மாலையும் நெரிசல் கடுமை, விமானத்துக்குப் போகும் நாளில் கூடுதல் ஒரு மணி நேரம் வையுங்கள்.

சாப்பாடு: சோறு, பருப்பு அல்லது பயறு, கீரை, காரத் துவையல் என்பதுதான் கிரியோல் தட்டு, அம்மாவுக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் பயற்றில் புகையிட்ட பன்றி இறைச்சித் துண்டு போடுவது சகஜம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. "சான் வியாந்த், சான் புவாசோன்" (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்பதோடு "சான் பூக்கானே" என்றும் சொல்லுங்கள், அதுதான் அந்தப் புகையிட்ட இறைச்சி. ருகாய் தொமாத் தக்காளித் துவையல், சாப்பிடலாம். ருகாய் சொசீஸ் இறைச்சிக் குழல், தொடக்கூடாது. சமோசா விற்கும் இடங்களில் உள்ளே என்ன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மிளகாய் வடை போன்ற போன்போன் பிமான் பருப்பில் செய்வது, வழிப்பயணத்துக்கு நல்லது. சிலாவோஸில் விளையும் பயறு துவரம்பருப்பு இல்லை, லென்டில் வகை. அந்த ஊர்ப் பெயருக்கே அதுதான் அடையாளம்.

உணவகங்களில் மதியம் 12 முதல் ஒன்றரை வரைதான் சமையல். 2 மணிக்குப் போனால் கதவு மூடியிருக்கும். சமையலறை உள்ள வீடாக எடுங்கள், அரிசியும் பருப்பும் மசாலாவும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு.

சென்-ஆந்த்ரேயில் கொலோஸ் கோயில் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்களை அங்கே மலபார் என்பார்கள். காவடியும் தீமிதியும் இன்றும் நடக்கின்றன. பேச்சு பிரெஞ்சும் கிரியோலும், தமிழில் கேட்டால் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தோல் செருப்பு, பெல்ட் வெளியே. படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

---

நெய்தல்பயணி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். நாங்கள் போகும் நேரம் எரிமலை வெடித்தால் அந்த நாள் வீணா? நாங்கள் நடக்கும்போது அம்மா என்ன செய்வார்?

---

தென்கரை:

வெடித்தால் வீணாகாது, திட்டம்தான் மாறும். ஃபூர்னேஸ் உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது பொங்கும், பெரும்பாலும் ஆன்க்ளோவுக்குள்ளேயே. பூர்-முரா ஆய்வகத்தின் கருவிகளில் நிலநடுக்கம் கூடினால் அரசு படிப்படியாக எச்சரிக்கையை உயர்த்தும். முதலில் விழிப்பு நிலை, அடுத்து எச்சரிக்கை 1 (பொங்கல் நெருங்கிவிட்டது), அடுத்து 2 (பொங்குகிறது). எச்சரிக்கை 1 வந்ததுமே படிகளுக்கு மேலுள்ள கதவைப் பூட்டிவிடுவார்கள். தாண்டிப் போனால் அபராதம், அதைவிட முக்கியம், பிளவு எங்கே திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்தபின் காப்பு நிலை என்று சில நாளோ வாரமோ இருக்கும், பாதைகளில் ஒரு பகுதியை மட்டும் திறப்பார்கள். கிளம்பும் முந்தைய மாலை மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் எச்சரிக்கை நிலையையும், வனத்துறையின் தளத்தில் பாதை நிலவரத்தையும் பாருங்கள். இரண்டும் தனித்தனி, ஒன்றைப் பார்த்தால் போதாது. உண்மையில் குழம்பு ஓடினால், இருட்டும் முன் போய் இடம் பிடிக்க வேண்டும், எரிமலைக்குப் போகும் சாலையில் வண்டி மைல் கணக்கில் நிற்கும்.

அம்மாவுக்கு அந்தச் சாலையே போதும். வழியிலுள்ள நே த பேஃப் காட்சிமுனையில் ரிவியேர் தே ராம்பார் பள்ளத்தாக்கு அடிவரை தெரியும். பிளேன் தே சாப்ல் விளிம்பிலும் இறங்கிப் பார்க்கலாம். பெல்கோம்ப் காட்சிமுனைக்கும் கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான், ஆன்க்ளோ முழுவதும் அங்கிருந்தே தெரியும். நீங்கள் 6 மணி நேரம் நடப்பதானால் ஒருவர் அம்மாவோடு பூர்-முராவுக்குத் திரும்பி எரிமலை அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். அந்தக் குளிரில் காரில் உட்கார வைக்காதீர்கள்.

சிலாவோஸின் 400 வளைவும் அவருக்கு ஆகாது என்றால் லே மாக் ஊருக்கு மேலே ஃபெனேத்ர் தே மாக் என்ற இடத்துக்குக் காரில் போய், மேலிருந்து அந்த மலைக்கிண்ணம் முழுவதையும் பார்க்கலாம். இதுவும் காலையில்தான்.

தீவைச் சுற்றும் நாளில் நேரத்தைத் தென்கிழக்குக்கு ஒதுக்குங்கள். சென்ட்-ரோஸுக்கும் சென்-ஃபிலிப்புக்கும் இடையே கிரான் ப்ரூலே. குழம்பு கடலுக்கு இறங்கும் சரிவு அது, சாலை அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. 2007 ஏப்ரலில் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. அந்தப் பொங்கலில் ஓடிய குழம்புதான் சாலையை மூடிக் கடலில் விழுந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் செடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். புதியதில் சாம்பல்நிறப் பாசிப்பூஞ்சை, கொஞ்சம் பழையதில் பெரணி, அடுத்ததில் புதர். கிழக்குக் கரை ஈரமானது, கரிந்த பாறையும் பச்சைக் காடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அதனால்தான். பித்தோன் சென்ட்-ரோஸில் 1977இல் குழம்பு வாசல்வரை வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போன தேவாலயத்தையும் விடாதீர்கள்.

கடல் பற்றி ஒன்று. சுறா தாக்குதல்களுக்குப் பிறகு, பவளத்திட்டுக்குள் அடங்கிய காயலையும் காவலுள்ள பகுதிகளையும் தவிர மற்ற இடங்களில் குளிக்கத் தடை இருக்கிறது. கறுப்பு மணல் கரை அழகாக இருக்கிறதே என்று இறங்க வேண்டாம். லெர்மித்தாஜ், லா சலீன் காயல் பாதுகாப்பானது. அங்கும் திட்டு உடைந்து வாய் திறக்கும் இடத்தில் நீர் வெளியே இழுக்கும், பையனை அந்தப் பக்கம் விடாதீர்கள். தண்ணீர் இறங்கிய நேரத்தில் பவளத்தில் வயிறு உரசும், ஏற்ற நேரம் பார்த்து இறங்குங்கள். கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளுள்ள கடலடி உயிரி) உண்டு, ரப்பர் ஷூ வாங்குங்கள்.

ஆகஸ்டில் கூனல் திமிங்கிலங்கள் குட்டியோடு மேற்குக் கரைக்கு வரும். அம்மா கரையிலேயே உட்கார்ந்து பார்க்க முடியும்.

---

மலைமுகடு:

அப்படியானால் இரவுகளை இப்படிப் பிரியுங்கள்: முதல் 2 சென்-ஜில் (மறுநாள் விடியலில் மைதோ, மதியம் காயல்), அடுத்த 2 பிளேன் தே காஃப்ர், அடுத்த 1 சென்-ஃபிலிப் அல்லது சென்ட்-ரோஸ், கடைசி 2 சலாசியில் எல்-பூர். சலாசியிலிருந்து விமான நிலையம் பக்கம், போகும் நாளில் நெரிசலையும் தவிர்க்கலாம். சிலாவோஸை விட்டுவிட்டு ஃபெனேத்ரோடு நிறுத்துங்கள். பிளேன் தே காஃப்ருக்கு ஏறும் நாள் காலையில் அது வழியில்தான். எரிமலைக்கு 2 இரவு சொல்வது, ஒரு காலை மூடுபனியில் போனால் மறுகாலை கையில் இருக்கட்டும் என்பதற்காக. வீட்டுக்குச் சூடேற்றி உண்டா என்று பதியும்போதே கேளுங்கள், அங்கே பல வீடுகளில் விறகு அடுப்பு மட்டும்தான்.