குட்டியானை (டாடா ஏஸ்) வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) தரவில்லை, பெயின்ட் அடித்தும் திருப்பி விட்டார்கள். அவசர உதவி!

நன்னிலம் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டியானை எடுத்திருக்கிறேன். எஃப்சி முடிந்துவிட்டது. டிங்கரிங் பார்த்து, எழுத்தெல்லாம் புதிதாக எழுதி, ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று சுற்றி வந்தார், பதிவுச் சான்றான ஆர்சியைப் புரட்டினார், "முதலில் இதைச் சரி பண்ணிக்கொண்டு வாப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எதைச் சரி பண்ணுவது? சம்பா அறுப்பு ஆரம்பித்துவிட்டது, வண்டி வாசலில் நிற்கிறது. பக்கவாட்டில் என்னென்ன எழுத வேண்டும், எந்த நிறத்தில் எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குடவாசல்காரன்

எந்த வருட மாடல்? டீசலா? ஆர்சி இப்போது யார் பெயரில் இருக்கிறது? இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா? ஒரு போட்டோ போடுங்கள் தம்பி.

வெண்ணாறு

போட்டோவே தேவையில்லை, இது டேப் பிரச்சினைதான். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள். இந்த மூன்றும் அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். சைக்கிள் கடையில் விற்கிற பளபளப்பு டேப்பை ஒட்டினால் டார்ச் அடித்துப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தரச்சான்று அச்சிட்ட டேப் வாங்கி, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடம் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் ஒரே மழையில் உரிந்து வரும்.

லோடு ராஜா

டேப்புக்கெல்லாம் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பர்மிட் இருக்கிறதா? குட்ஸ் வண்டிக்குப் பர்மிட் இல்லாமல் எஃப்சி கேட்டால் எப்படித் தருவார்கள்? லைசென்ஸில் பேட்ஜும், அதாவது சரக்கு வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதியும் கேட்பார்கள்.

ஆர்டிஓ வாசல்

ஒவ்வொரு அறுவடைக்கும் இதே கேள்வி வருகிறது, இதே தவறான பதில்களும் வருகின்றன. சட்டத்தைப் புரட்டிப் பார்க்காமல் அடுத்தவர் பிழைப்பில் ஆலோசனை சொல்லாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66, உட்பிரிவு 3: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. குட்டியானை அதில் பாதிதான் வரும். பேட்ஜ் விவகாரமும் முடிந்துவிட்டது. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைச் சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது.

கேள்வி கேட்டவர் முதலில் ஆர்சியை முதல் வரியிலிருந்து படித்துவிட்டு வரட்டும். அது தெரியாமல் இங்கே யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நன்னிலம் தம்பி

2016 மாடல், டீசல், மஞ்சள் போர்டு. ஆர்சி விற்றவர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். மொத்த எடை 1,550 கிலோ என்று இருக்கிறது. போட்டோ போட்டிருக்கிறேன். பெயின்டர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

குடவாசல்காரன்

எழுத்து அழகாக இருக்கிறது தம்பி, ஆனால் நம்பருக்கு நிழல் கொடுத்து எழுதியிருக்கிறார். 8 என்பது பூங்கொடி மாதிரி சுற்றிக்கொண்டு நிற்கிறது. அதை மாற்றச் சொல்லுங்கள். போர்டில் எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், கனம் 10, இடைவெளி 10. இங்கிலீஷ் எழுத்து, சாதாரண எண். வேறு எந்த அலங்காரமும் கூடாது. பெட்டியின் இரண்டு பக்கமும் நம்பர் தெளிவாக இருக்கட்டும். காலி எடை, மொத்த எடை, உரிமையாளர் பெயர், விலாசம் எல்லாம் ஆர்சியில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதக் கூடாது.

ஆர்டிஓ வாசல்

எல்லோரும் டேப்பையும் நிழலையும் பார்க்கிறீர்கள், கதவைப் பார்க்கவில்லை. இடது கதவில் புது நீலத்துக்கு அடியில் "காரைக்கால்" என்ற பழைய எழுத்து இன்னும் தெரிகிறது. போட்டோவில் நம்பர் போர்டு மட்டும் பாதியோடு வெட்டப்பட்டிருக்கிறது. தம்பி, வண்டி எந்த மாநில நம்பர்?

நன்னிலம் தம்பி

பிஒய் 02, புதுச்சேரி நம்பர். காரைக்கால் இங்கிருந்து பஸ்ஸில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம்தானே சார், அதனால்தான் தனியாகச் சொல்லவில்லை. அது ஒரு விஷயமா?

ஆர்டிஓ வாசல்

அதுதான் விஷயமே. தூரம் எவ்வளவாக இருந்தால் என்ன, அது வேறு பதிவு எல்லை. விற்றவர் ஃபார்ம் 28 போட்டுக் காரைக்காலில் தடையில்லாச் சான்று (என்ஓசி) எடுத்துத் தர வேண்டும். அது இல்லாமல் இங்கே பெயர் மாறாது. 29, 30 மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் யார் வேண்டுமானாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

வெண்ணாறு

வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதம் வரை அப்படியே ஓட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறதே? என் மச்சான் பெங்களூரு வண்டியை அப்படித்தான் ஓட்டினார்.

கடைமடை

வெண்ணாறு அண்ணே, அது பிரிவு 47. வண்டிக்குச் சொந்தக்காரரே ஊர் மாறி வந்தால்தான் அந்தக் கணக்கு. இங்கே கை மாறியிருக்கிறது. அதற்குப் பிரிவு 50. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பகுதி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கு வேறு மாநிலம் என்றால் 45 நாள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

தம்பி, நான் லைன் வண்டித் தொழிலில் இருப்பவன், பதற்றப்படாமல் கேளுங்கள். இப்போது பெயின்டருக்கு இன்னொரு ரூபாய் கொடுக்காதீர்கள். என்ஓசி வந்து இங்கே வரி கட்டிப் பதிவு மாறினால் உங்களுக்கு டிஎன் 50 என்று புது நம்பர் வரும். போர்டு, இரண்டு பக்க எழுத்து, கதவில் பெயர், விலாசம், எல்லாமே அப்போது மாறும். நிழல் இல்லாமல் அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது, ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் முடிந்த கடிதத்தோடு ஃபார்ம் 35 வேண்டும். கடன் நிற்கிற வண்டிக்கு ஃபைனான்ஸ்காரர் சம்மதம் இல்லாமல் என்ஓசி நகராது. இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள், அதற்குப் 14 நாள்தான்.

விற்றவர் இழுத்தடித்தால் அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பெயர் மாறாத வண்டி யார் மீதாவது மோதினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. அதைக் கேட்டால் அவரே ஓடி வருவார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அறுப்பு அவசரத்தில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பிரிவு 56 படி எஃப்சி இல்லாத சரக்கு வண்டி, பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அந்தத் தேதியைத்தான் பார்க்கும்.

லோடு ராஜா

இவ்வளவும் எதற்கு? அவர் வாடகைக்கா ஓட்டப் போகிறார்? சொந்த நெல்லைச் சொந்த வண்டியில் கொண்டுபோவதற்கு மஞ்சள் போர்டு, எஃப்சி எல்லாம் ஏன்? வெள்ளை போர்டாக மாற்றிவிட்டால் தலைவலியே இல்லை.

ஆர்டிஓ வாசல்

மாற்ற முடியாது. சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டிய வண்டி, சரக்கு வண்டிதான். சரக்கு யாருடையது என்று சட்டம் கேட்கவில்லை. பிரிவு 2ஐப் படியுங்கள்.

லோடு ராஜா

அப்படியென்றால் டிராக்டருக்கு மட்டும் எப்படி வெள்ளை போர்டு? எங்கள் ஊரில் அதே டிராக்டர்தான் காலையில் நாற்று ஏற்றுகிறது, சாயங்காலம் செங்கல் ஏற்றுகிறது. இரவில் பின்னால் ஒரு விளக்கும் இல்லாமல் டிப்பர் போகிறது. அதை நிறுத்தி யாரும் கேட்பதில்லை. சின்ன வண்டிக்காரன்தான் மாட்டுகிறான்.

குடவாசல்காரன்

ராஜா அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் ஆகாது என்று மத்திய விதியிலேயே இருக்கிறது. ஆனால் அது விவசாய வேலைக்குத்தான். செங்கலும் ஜல்லியும் ஏற்றுவது அந்தச் சலுகைக்குள் வராது. பின்னால் சிவப்பு டேப் ஒட்டாத டிப்பரில் இருட்டில் போய் மோதியவர்கள் இல்லாத ஊர் இந்தப் பக்கம் உண்டா? டேப்பைப் பற்றி வெண்ணாறு முதலில் சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெண்ணாறு

நன்றி. டேப்பை விட எடைதான் இப்போது பெரிய ஆபத்து. கொள்முதல் நிலையத்துக்கு நெல் 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாகப் போகிறது. குட்டியானைக்கு 18 சிப்பம் ஏற்றினாலே 720 கிலோ, அதோடு ஆர்சி கணக்கு முடிந்தது. நம் ஆட்கள் 35 ஏற்றி, மேலே இரண்டு பேரை உட்கார வைத்து, ஆற்றங்கரைச் சாலையில் வருகிறார்கள். பின் ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து, முன் சக்கரம் தரையில் பிடிப்பு இல்லாமல் ஓடுகிறது. மதகுத் திருப்பத்தில் ஸ்டியரிங் கேட்காது.

லோடு ராஜா

இரண்டு நடையாக அடித்தால் டீசல் யார் தருவது? நிலையத்தில் வரிசை போய்விடும்.

கடைமடை

அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் கணக்கு. இரண்டாவது நடை டீசலை அதோடு வைத்துப் பாருங்கள் அண்ணே. தம்பி எங்கே போனார்? ஆர்சியில் ஃபைனான்ஸ் இருந்ததா என்று சொல்லவே இல்லையே.

குடவாசல்காரன்

தம்பி, இருக்கிறீர்களா?

நன்னிலம் தம்பி

இருக்கிறேன் அண்ணா, காரைக்கால் போய் வந்தேன். ஃபைனான்ஸ் பெயர் இருந்தது, கடன் எப்போதோ முடிந்திருக்கிறது, ஆனால் யாரும் நீக்கவில்லை. விற்றவர் 28லும் 35லும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடிதம் கையில் வந்ததும் போட்டுவிடுவோம் என்றார். நெல்லுக்குப் பக்கத்து வீட்டு மாமா வண்டியை வாடகைக்குப் பேசியிருக்கிறேன்.

கடைமடை

நல்லது. விண்ணப்பம் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் என்ஓசி கொடுத்ததாகவே கருத வேண்டும் என்று பிரிவு 48 சொல்கிறது. அந்த ரசீதின் தேதிதான் அப்போது கை கொடுக்கும். இங்கே பதிவு மாற்றும்போது ஃபார்ம் 27ஐயும் சேர்த்துக் கொடுங்கள், புது நம்பருக்கு அதுதான் விண்ணப்பம். இன்னொன்று, 2016 வண்டிக்கு எட்டு வருடம் தாண்டிவிட்டதால் இனி எஃப்சி வருடா வருடம்.

ஆர்டிஓ வாசல்

டிஎன் 50 நம்பர் வந்த பிறகு, பெயின்டரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்சி நகலை இங்கே போடுங்கள். என்ன எழுத வேண்டும் என்று வரி வரியாக நானே சொல்கிறேன்.